பதினாலும் ஒரே கிழமையில்

— என்ன புள்ள மூக்காயி இது? என்ட கெடா எலும்பும் தோலுமா நிக்குது! தீனி போட்டியா இல்லையா?

— கொள்ளும் புல்லும் வேளாவேளைக்குப் போட்டேன், மக்கீன் நானா. அதுக்குத் திங்க நேரமில்லன்னா நான் என்ன பண்றது? அது நெஞ்சுல காவி பூசி விட்டேன்ல, ஏறுனா ஆட்டு முதுகுல ஒட்டிக்கும். பட்டிக்குள்ள போய்ப் பாருங்க. துரையோட பதினாலு செம்மறிக்கும் முதுகுல செவப்பு!

— யா அல்லா! பதினாலுமா? எத்தன நாளையில?

— நீங்க கொண்டாந்து விட்டு இருபத்தஞ்சு நாளாச்சு. மொதல்ல ரெண்டரைக் கிழமை ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரே கிழமையில அம்புட்டும் கிடாய்க்கு நின்னுருச்சு.

— நான் சொல்லல? ஒரு மாசம் இவன ஆத்தங்கரையில, கட்டுகஸ்தோட்டையில கட்டி வெச்சது சும்மாவா? கெடாட வாடையே படாம கெடந்து, திடீரென்டு மூக்குல பட்டா பொட்டையெல்லாம் ஒண்டா முழிச்சிக்கும்.

— எங்கப்பாரும் ராமநாதபுரத்துல அப்படித்தான் செய்வாரு.

— சரி, இது ஆனி. அஞ்சு மாசம் என்டா... கார்த்திகை! ஒனக்கு மூளை கலங்கிப் போச்சா, புள்ள? காப்பிப் பழம் குமிஞ்சி கெடக்கிற நேரம். இந்தப் பன்வில மலையில கை கால் உள்ளவனெல்லாம் கூடையோட நிப்பான். குட்டிய ஆரு பார்க்கிற?

— நான்தான். துரைகிட்டக் கேட்டாச்சு. குட்டி போடுற கிழமை பூரா பட்டியிலயே ஒரு ஆளு இருக்கணும்னேன். சரின்னுட்டாரு.

— தையில போடுற மாதிரி விட்டிருந்தா ஆகாதா? பழமும் முடிஞ்சிரும், மழையும் விட்டுரும்.

— கார்த்திகையில பொறந்தாத்தான் பங்குனியில வெள்ளக்காரப் பெருநாளுக்கு இளங்கறி ஆகும்.

— துரை கேட்டாரா, நீயா சொன்னியா?

— நானாத்தான் சொன்னேன்.

— அவர்ட வாயி, அவர்ட கறி! ஒனக்கென்ன வந்த? ஒண்டு ஒண்டா போட்டா ஆறுதலா பார்க்கலாமே.

— ஒண்ணொண்ணாப் போட்டா கங்காணி என்னைய ஒரு பொழுதுதான் விடுவான். மொத்தமாப் போட்டாத்தான் ஒரு கிழமை.

— ஒரு கிழமை ஆட்டுப் புழுக்கைக்குள்ள குந்திக்கொண்டு என்ன செய்யப் போற?

— ஒழுகாத கூரை இருக்கு, நானா. தட்டி அடைச்சிருக்கு. காய்ஞ்ச வைக்கோல், நெருப்புச் சட்டி, கொதிதண்ணிக்குப் பானை, எல்லாம் துரையே குடுத்துட்டாரு.

— அதெல்லாம் குட்டிக்கி, புள்ள!

— ஆமா, குட்டிக்குத்தான். போன வருஷம் இடுப்புவலின்னு சொன்னேன். கூடைய நெரப்பிட்டுப் போன்னான் கங்காணி. கொட்டுற மழையில காப்பிச் செடிக்கடியில பெத்தேன். விடியிற வரைக்கும் தங்கல.

— அல்லாவே... எனக்குத் தெரியாதே, புள்ள.

— இப்ப எனக்கு நாலாம் மாசம். கார்த்திகையில அந்தப் பட்டியில பதினஞ்சு பேறு, நானா.