இவர் எடுத்த காவடியும் எங்கட லோயரும்

லோயர் எண்டால் எங்கட பக்கமெல்லோ கதைக்கோணும்! இவள் என்னையெல்லோ ஏசுறாள். இரும் பிள்ளை, இரும், உந்தப் பையை மடியில வையும். பஸ் ஊர்காவற்றுறைக்குத்தான் போகுது. நானும் அங்கதான், கோர்ட்டுக்கு. ஐயோ, களவெடுத்தனான் எண்டு நினைச்சிடாதையும்!

ஆர் லோயரோ? பவதாரணி. உம்மட வயதுதான். கனடாவில இருக்கிற என்ர தங்கச்சி நாகபூசணி படிச்சுப் படிச்சுச் சொன்னவள், கொழும்பில பெரிய ஆளாப் பிடியுங்கோ எண்டு. நான்தான் கேக்கேல்லை. எங்கட மடத்துவெளிப் பிள்ளை, சின்னனில எங்கட வளவுக்க நாவல்பழம் பொறுக்கித் திண்டவள், பாத்துச் செய்வாள் எண்டு நினைச்சன். இப்ப கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "அன்ரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ" எண்டுறாள். என்னைப் பாத்து! நான் என்ன கூடக் கதைக்கிற ஆளே?

உந்தா, உந்தப் பாலத்திலதான் பிள்ளை. இவர், என்ர மனிசன், மோட்டச்சைக்கிளில சிவனே எண்டு ஓரமா வந்தவர். பின்னால நயினாதீவுக்குச் சனம் ஏத்திற வான். அடிச்ச அடியில இவர் கடலுக்க! தண்ணி முழங்காலளவு, உயிர் தப்பிச்சுது. வலது கால்தான்... எடுக்கவேண்டி வந்தாலும் வரும் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிட்டினம். நான் அந்த இடத்திலயே அம்மனுக்கு நேத்தி வைச்சன். காலைத் தா தாயே, திருவிழாவுக்கு இவர் காவடி எடுப்பார் எண்டு. ஓம், கால் அவரின்ர, காவடியும் அவர், நேத்தி மட்டும் நான்! ஏன் சிரிக்கிறீர்? இவரும் உப்பிடித்தான் சிரிச்சவர்.

அம்மன் தந்திட்டா. வளைஞ்ச கால்தான், எண்டாலும் கால். வான்காரரிட்ட நட்டஈடு கேட்ட வழக்கு முடியுமட்டும் அடங்கி இருங்கோ எண்டு பவதாரணி சொன்னவள்தான். அதுக்காக நேத்தியை விடேலுமே? நீரே சொல்லும்.

எடுத்தார். வெளிநாட்டுச் சனம் பாக்கவெண்டு சுலக்சன் எண்ட வீடியோக்காரர் பிடிச்சு யூடியூப்பில போட்டார். அதில இவர் இளந்தாரி மாதிரி ஆடுறார்! கனடா முழுக்க ஒரே புழுகம், சந்தோசம். பேந்து பாத்தால், போன தவணை வான்காரரின்ர லோயர் அதையே கோர்ட்டில போட்டுக் காட்டி, "நடக்க ஏலாத மனிசன் ஆடுற ஆட்டத்தைப் பாருங்கோ" எண்டிட்டார். சனம் சிரிச்சுது. இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவர்...

அதுக்கு இவள் என்னில பாயுறாள், முழு வீடியோவும் எங்க எண்டு. எங்க கிடக்கு? கோயிலைப் பாதி சுத்த முன்னம் இவர் காவடியோட விழுந்திட்டார். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போனவை. அதைக் கண்டால் தங்கச்சி அழுவாள், அவளின்ர மாமி நக்கலடிப்பா. அதுதான் சுலக்சனிட்ட, விழுந்ததை வெட்டி எடுத்துப்போட்டு வடிவான பாட்டொண்டு போட்டு விடும் எண்டனான். நல்லதுக்குத்தானே சொன்னது! இப்ப அந்தத் துண்டு அவரிட்டயும் இல்லையாம்.

அதால இண்டைக்கு நான் கூண்டில ஏறிச் சொல்லோணுமாம். இவர் விழுந்தவர், மறைச்சது நான் எண்டு. தீவுச் சனமெல்லாம் கேக்க! ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். சொல்லாட்டி வழக்குத் தோக்கும் எண்டுறாள். என்ர வாய்க்குள்ளால அது வராது பிள்ளை...

முன் சீற்றில காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார் பாரும், அவர்தான் எங்கட ஆள். உந்த வீடியோ வந்த நாளில இருந்து ஊண்டுகோலை ஆக்கள் கண்ணில காட்டார். "காவடி ஆடினவருக்குத் தடி என்னத்துக்கு" எண்டு பகிடி பண்ணுறாங்களாம். இந்தா, சீற்றுக்குக் கீழ தள்ளிட்டார். வலி வந்தாலும் பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிப்பார். என்னையும் ஏசமாட்டார்... ஏசினாலும் பரவாயில்லை.

ஆ, கோர்ட் வந்திட்டுது. பாரும், பாரும், தனிய எழும்புறார்! படியில கால் வைக்கிறார்... கையைப் பிடிக்க விடமாட்டார், சனம் பாக்குதெல்லோ! விலத்தும் பிள்ளை, விலத்தும்...

கொண்டக்டர் அண்ணை! பஸ்ஸை எடுக்காதையுங்கோ! இவருக்குத் தனிய இறங்க ஏலாது, பிடிச்சு இறக்கிவிடுங்கோ! ஓம், ஏலாது! எல்லாருக்கும் கேட்டுதோ?