வெள்ளிக்கிழமைப் பிள்ளை

செவ்வாய், 14 நவம்பர் 1989. ஓர்லிகோன்.

பாலேந்திரன் நாளைப் பிழையாகக் குறித்துவிட்டான், அல்லது அப்படித்தான் அவனுக்குப் பட்டது. ஜெயமலரை அவனுக்குக் கட்டிக்கொடுக்கலாமா என்று விசாரிக்க, அவளுடைய அக்கா பரமேஸ்வரியின் கணவர் சிவநேசன் எம்மன்புரூக்கேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று எழுதிவைத்திருந்தான். அவர் இன்றைக்கே வந்து கதவைத் தட்டினார். அவன் மாலை ஜெர்மன் வகுப்பை விட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்தான்.

சிவநேசன்: …சீனி காணும், தம்பி. இரும், கதைப்பம்.

பாலேந்திரன்: ஞாயிறு எண்டெல்லோ சொன்னனீங்கள், அண்ணை. சோறு கறி ஒண்டும்…

சிவநேசன்: சொல்லிப்போட்டு வந்தால் வீடு கூட்டித் துடைச்சிருக்கும். விசாரிக்கிறதெண்டால் இப்பிடித்தான். கீழை கடையிலையும் கேட்டனான். உம்மடை றெஸ்டோரண்ட் குசினியிலையும் கேட்டனான்.

பாலேந்திரன்: என்னவாம்?

சிவநேசன்: குடியில்லை. சிகரெட் இல்லை. பின்னேரம் வகுப்பு, விடிஞ்சால் வேலை. இவ்வளவு நல்ல பிள்ளையெண்டால் எனக்கு யோசினை வந்திடும்.

பாலேந்திரன்: அப்ப குடிச்சிருக்கலாம்.

சிவநேசன்: பகிடி விடாதையும். இந்தப் பேப்பர் துண்டைப் பாரும். இது நீர்தானே?

பாலேந்திரன்: ஓம். ஓர்லிகோன் பேப்பர். போன கிழமை வந்தது.

சிவநேசன்: ஆரோ எனக்குத் தபாலிலை போட்டிருக்கினம். பேரும் இல்லை, ஊரும் இல்லை. சுத்திவரக் காப்பிலியள். நடுவிலை நீர், பல்லைக் காட்டிக்கொண்டு.

பாலேந்திரன்: அந்தச் சொல்லை விடுங்கோ, அண்ணை. எங்களையும் இஞ்சை ட்ராமிலை ஒரு சொல் சொல்லித்தான் கூப்பிடுறாங்கள்.

சிவநேசன்: சரி, விட்டன். பக்கத்திலை நிக்கிற பொம்பிளை ஆர்?

பாலேந்திரன்: எஸி அக்கா. கானாக்காரி. ஆஸ்பத்திரியிலை துப்புரவு வேலை.

சிவநேசன்: அக்காவோ… உமக்கும் அவவுக்கும் என்ன?

பாலேந்திரன்: புதன்கிழமையிலை இஞ்சை பள்ளிக்கூடம் மத்தியானத்தோடை முடியுதெல்லோ. அதுக்குப் பிறகு வேதக் கோயிலுக்குக் கீழை இருக்கிற மண்டபத்திலை அவ ஒரு வகுப்பு நடத்திறா. ஆபிரிக்கப் பிள்ளையள், ஹெயிட்டிப் பிள்ளையள், ஒரு அமெரிக்கக்காரற்றை பெடியன். நான் கதிரை தூக்கப் போறனான்.

சிவநேசன்: கதிரை தூக்க ஓர்லிகோனிலை வேறை ஆளில்லையோ?

பாலேந்திரன்: முதல் கதிரைதான். பிறகு இருந்து கேக்கத் தொடங்கிட்டன்.

சிவநேசன்: அவையளிட்டை நாங்கள் கேட்டுப் படிக்க என்ன கிடக்கு?

பாலேந்திரன்: நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பள்ளிக்கூடப் புத்தகத்திலை அவையளுக்கு ஒரு பக்கம் இருக்காம். அதிலை ஒரு ஆள் மூட்டை சுமக்கிறான். அவ்வளவுதான். எஸி அக்கா சொன்னா, அந்தப் பக்கத்தை எழுதினவன்தான் எங்கடை பிள்ளை எவ்வளவு உயரம் வளரலாம் எண்டு முடிவு எடுக்கிறான், அதாலை மிச்சப் பக்கத்தை நாங்கள் எழுதவேணும் எண்டு. ராசாக்கள், கணக்கர், கப்பலிலை கலகம் செய்த ஆக்கள்… எல்லாம் அவவே எழுதிப் படிப்பிக்கிறா.

சிவநேசன்: அரசியல். பெர்னிலை அகதிக் கந்தோர்க்காரனுக்குத் தெரிஞ்சால் உம்மடை அகதிக் கேஸ் அவ்வளவுதான்.

பாலேந்திரன்: பிள்ளையளுக்குக் கதை சொல்லுறதோ அரசியல்? எங்கடை பிள்ளையளுக்கும் இப்பிடி ஒரு தமிழ் வகுப்பு வைக்கலாம் எண்டு நான் யோசிக்கிறன்.

சிவநேசன்: உமக்கு முதல் கலியாணம் நடக்கட்டும். ஜெயமலர் கொழும்பிலை லொட்ஜிலை இருக்கிறாள், என்ரை ஒரு சொல்லுக்காக. நான் ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. விளங்குதோ?

பாலேந்திரன்: விளங்குது.

சிவநேசன்: அப்ப நேரை சொல்லும். அந்தப் பொம்பிளையின்ரை வீட்டுக்கு நீர் போய்வாறனீரோ?

பாலேந்திரன்: ரெண்டு தரம் போனனான். சாப்பிடக் கூப்பிட்டவ.

சிவநேசன்: வேறை ஆம்பிளையள் ஆரும்…

பாலேந்திரன்: அதை ஏன் கேக்கிறியள்?

சிவநேசன்: விசாரிக்கிறன். பொம்பிளை பகுதியெண்டால் எல்லாம் கேப்பம்.

பாலேந்திரன்: ஒருத்தரும் இல்லை. அவவும் பிள்ளையும்தான்.

சிவநேசன்: ம்… இது அந்தப் பிள்ளையோ? உம்மடை தோளிலை இருக்கிறது?

பாலேந்திரன்: ஓம்.

சிவநேசன்: மெலிஞ்சு கிடக்கு.

பாலேந்திரன்: உயரம் வைக்குது, அண்ணை. அவையள் பிறந்த கிழமையைப் பாத்துத்தான் பேர் வைக்கிறது, தெரியுமோ? எஸி எண்டால் ஞாயிறு. இவள் எஃபுவா.

சிவநேசன்: ஓம், வெள்ளிக்கிழமை. விடியப்புறம்.

பாலேந்திரன்: கிழமையை நான் இன்னும் சொல்லேல்லையே, அண்ணை.

சிவநேசன்: என்ன பாக்கிறீர்?

பாலேந்திரன்: வெள்ளி எண்டு ஆரும் சொல்லியிருக்கலாம். விடியப்புறம் எண்டு…

சிவநேசன்: சும்மா வாயிலை வந்தது.

பாலேந்திரன்: வகுப்புக்கு ஒரு சுரினாம்காரர் வாறவர். அவற்றை பூட்டிக்கு அஃபிபா எண்டு பேராம். அதுவும் வெள்ளிதான். அவற்றை ஆக்களை அடிமையாச் சீனித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மொழி, சாமி, தாய் தேப்பன் எல்லாத்தையும் பறிச்சாங்களாம். பிறந்த கிழமையைப் பறிக்க மறந்துபோனாங்களாம். கடலுக்கு அங்காலை கிடந்த அந்தப் பேரும் இஞ்சை இருக்கிற இந்தப் பேரும் ஒண்டெண்டு கண்ட அண்டைக்கு, அந்த மனிசன் எஃபுவாவை மடியிலை வைச்சு அழுதது.

சிவநேசன்: இதை ஏன் எனக்குச் சொல்லுறீர்?

பாலேந்திரன்: எஃபுவா கதிரை எண்ணுறவள், அண்ணை. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு எண்டு. ஜெர்மன் இல்லை. எங்கடை கதை, யாழ்ப்பாணத்துச் சொல்லு. அஞ்சுக்கு அங்காலை தெரியாது. படிப்பிச்ச ஆள் வாறதை நிப்பாட்டிப்போட்டாராம்.

சிவநேசன்: எஸி என்ரை பேரைச் சொன்னவளோ?

பாலேந்திரன்: கேட்டதாலை சொன்னவ. குறையொண்டும் சொல்லேல்லை. பெஞ்சாதி ஊரிலை இருந்து வந்திட்டாவாம், அதாலை வரேலாது எண்டு மட்டும்.

சிவநேசன்: பரமேஸ்வரிக்குத் தெரிஞ்சால் குடும்பம் துலைஞ்சுது. தம்பி, நீர் என்னை வெருட்டுறீரோ? நான் ஓம் எண்டு எழுதினால் வாயைப் பொத்துவீரோ?

பாலேந்திரன்: ஓம் எண்டு எழுதினாலும் இல்லை எண்டு எழுதினாலும் என்ரை வாயாலை பரமேஸ்வரி அக்காவுக்குப் போகாது. ஓம் எண்டு எழுதுங்கோ எண்டும் நான் கேக்கேல்லை.

சிவநேசன்: அப்ப இந்தப் பேப்பர் துண்டை ஆர் எனக்குப் போட்டது? எஸியோ?

பாலேந்திரன்: அவவுக்கு உங்கடை விலாசம் தெரியாது, அண்ணை. எனக்குத் தெரியும், கலியாணப் பேச்சிலை நீங்களே தந்தனீங்கள். இதைப் பாத்தால் ஜெயமலர் எனக்கு இல்லையெண்டு போனாலும் போகும் எண்டு தெரிஞ்சுதான் முத்திரை ஒட்டினனான். அது உங்கடை விருப்பம். நாளைக்குப் புதன். ஒரு மணிக்கு மண்டபம் திறக்கவேணும், கதிரை இறக்கவேணும். எஸி அக்கா ரெண்டு மணிக்கு வேலை முடிச்சு நேரை வகுப்புக்குத்தான் வருவா, எஃபுவாவைக் காப்பகத்திலை இருந்து ஆரும் கூட்டிவரவேணும். கதிரையை நான் இறக்கிறன்.