டிக்கெட்டுக்காகப் பானை மூடியைத் தட்டியது குறித்து

என் பெயர் மேலே பதிவாகியுள்ளது; ஆனால் கட்டடத்தில் ரேடார் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். வயது முப்பத்தாறு. ஓட்டல் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறேன். விமான நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பின் மூன்றாம் மாடியில், என் தங்கையின் கணவரான வெல்டருடன் வசிக்கிறேன்.

ஊரில் தங்கைக்கு இது தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்தான் கிடைக்கவில்லை. நாங்கள் வேலைக்கு வந்த இந்த நாட்டிலிருந்து உலகம் முழுக்கப் பறக்கலாம். ஊருக்குப் பறக்கத்தான் சொத்தை எழுதிவைக்க வேண்டும். மலிவு டிக்கெட் வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால் எங்கள் அறையில், அதைப் பார்த்தவர் பானை மூடியைக் கரண்டியால் தட்ட வேண்டும், போகிறவர் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும் என்பது வழக்கம்.

ஞாயிறு மத்தியானம், இரண்டு இடத்தில் இறங்கி ஏறும், கைப்பை மட்டும் அனுமதிக்கும் டிக்கெட் ஒன்று பாதி விலைக்கு வந்தது. பிரசவத் தேதிக்கு முன்பே போய்ச் சேரும். எனக்குக் கை கால் ஓடவில்லை. மாப்பிள்ளையின் கார்டு விவரங்களை என் போனில் நிரப்பிவிட்டு மூடியைத் தட்டினேன். பலமாகத்தான் தட்டினேன். அதன் பிறகு, மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த, எங்கள் வழக்கம் அறியாத நர்ஸ் அம்மா தீப்பிடித்ததாக நினைத்து அலாரத்தை அழுத்த, கட்டடமே தெருவுக்கு வந்தது. குளித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் இடுப்பில் துண்டோடு, தலையில் நுரையோடு வந்தார்.

"தீ எங்க மச்சான்?" என்றார்.

"தீ இல்ல மாப்ள, டிக்கெட். உங்க போன் எங்க?"

போன் அறையில் சார்ஜில் இருந்தது. ஓடிபி அதற்குத்தான் வரும். டிக்கெட்டைப் பிடித்துவைக்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுக்க உள்ளே ஓடிய என்னை, அப்போது வந்த தீயணைப்பு வீரர் தடுத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார், ஓடிபி மட்டும்தான் இருக்கு" என்றேன். தங்கை விஷயத்தையும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தார். மாப்பிள்ளையின் கண்ணில் சோப்பு இருந்ததால், என்னைத் திட்டிக்கொண்டிருந்த நர்ஸ் அம்மாவே எண்களைப் படித்தார். நான் அழுத்தினேன். டிக்கெட் உறுதியானது. முதலில் கைதட்டியவர் நர்ஸ் அம்மா, பிறகு தெருவே தட்டியது. மாப்பிள்ளை ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

இனி மூடியைத் தட்ட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். குழந்தை பிறந்த செய்தி வரும் அன்று மட்டும் ஒரே ஒரு முறை தட்ட அனுமதி வேண்டுகிறேன். நர்ஸ் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இவையெல்லாம் நானாகச் சொன்னவை. படித்துக்காட்டக் கேட்டேன், நடந்தது நடந்தபடியே உள்ளது.

ஒப்பம்: ரேடார், தாய்மாமன்