புத்தர் பலகையில் ஒரு கம்ப்யூட்டர்

காலு, காலு! காலை மடக்கு தம்பி. புத்தரைப் பாத்து நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, உங்க கம்ப்யூட்டர் கடையில இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா? ம்... அப்படி, ஒருக்களிச்சு. எங்க விட்டேன்? ஆங், ஏமாத்திட்டான். ஏமாத்தினது ஊரான் இல்ல, என் மருமகன். யோத். பொண்ணைக் கட்டிக் குடுத்தேன்ல, அதுக்கு அவன் செஞ்ச மரியாதை அதோ மேல உக்காந்திருக்கு.

இரு இரு, உடனே இறக்காத. கதையைக் கேட்டுட்டு இறக்கு. டாக்டர்கிட்ட போனா முதல்ல என்ன பண்ணுதுன்னு கேப்பாருல்ல?

இந்த உத்தராதித் ஊர்ல புவாபான் அக்கா கார்டு அடிச்சாத்தான் விசேஷம் விசேஷமா இருக்கும்னு ஒரு பேரு உண்டு. நீ வேணா ஸ்டேஷன் பக்கம் போய்க் கேட்டுப் பாரு. தாலுகா ஆபீஸ்ல டைப் அடிச்ச கை தம்பி இது. ரிடையர் ஆனதும் வீட்டுலயே கார்டு அடிக்க ஆரம்பிச்சேன். கல்யாணம், புது வீடு, சாவு, எல்லாத்துக்கும் நான்தான். இப்ப மழைக்காலம் வருது. ஊர்ல பாதிப் பையனுங்க மொட்டை போட்டு மழை முடியிற வரைக்கும் பிக்கு ஆகப் போறானுங்க, வீட்டுக்கு வீடு அழைப்புக் கார்டு வேணும். இந்த நேரம் பாத்து இந்தக் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கிச்சு. மார்க்கெட்ல போட்டோக் கடை வெச்சிருக்காளே சம்னியங், அவ சிரிக்கிறா. சிரிக்கட்டும்! அவ அடிக்கிற கார்டுல எல்லாப் பையனுக்கும் ஒரே தாமரை. போன வருஷம் ஒருத்தனுக்கு மாத்தி அடுத்தவன் போட்டோவைப் போட்டுட்டா, அவன் அத்தைக்காரி நூறு கிலோமீட்டர் பஸ்ல வந்து யாருடா நீன்னு... சரி, அது வேற கதை.

யோத் சர்க்கரை ஆலையில கரண்ட் வேலை பாக்குறான். "கடையில வாங்காதீங்கம்மா, நானே சாமான் வாங்கிப் பூட்டித் தரேன்"னான். பிட்சனுலோக் போய் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா கொண்டாந்தான். இந்த எடத்துலதான் உக்காந்து பூட்டினான். நான் ஐஸ் காப்பி போட்டுக் குடுத்தேன். அட்டைப்பெட்டிக்குள்ள இருக்குறது புதுசா பழசான்னு எனக்கு என்ன தெரியும் சொல்லு?

புதுச் சாமான் வந்தா சும்மா விடலாமா? காரு வாங்கினா, கடை திறந்தா, பிக்குகிட்ட காட்டுறோமா இல்லையா? இதுவும் சோறு போடுற சாமான்தானே. பெரிய பிக்குவை வீட்டுக்கே வரவழைச்சேன். வெள்ளை மண்ணைக் குழைச்சுத் தொட்டு இதோட நெத்தியில... நெத்தின்னா மூடி சேருற எடத்துல... அழகாப் புள்ளி வெச்சார். மந்திரிச்ச தண்ணி தெளிச்சார். ஆ, என்னமோ சொல்ல வாயெடுக்குறே. தண்ணி உள்ள போகல தம்பி! நான் குடை பிடிச்சேன். எலக்ட்ரிக் சாமான்ல தண்ணி படக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தவ.

பிக்கு புள்ளி வெச்ச பெட்டியை அதுக்கப்புறம் மேசைக்கடியில, காலடியில வெக்க முடியுமா? யோத் அங்கதான் வெச்சான். நான் தூக்கி மேல வெச்சேன், புத்தர் பலகையிலயே, அவருக்குக் கொஞ்சம் கீழ ஒரு படியில. வயர் எட்டல. நீள வயர் வாங்கினேன். அதுதான் கொடி மாதிரி தொங்குது, தலையில இடிச்சுக்காத. "அம்மா, கீழயே இருக்கட்டுமே"ன்னு யோத் சொன்னான். காலடியிலயே இருக்கட்டுமாம்! பாத்துக்க, எவ்வளவு பக்தி.

முதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் என்னடான்னா, மத்தியானம் ஆனா ஒரே இரைச்சல். பிளேன் ஏறுற மாதிரி. ஏறி ஏறி... டப். நின்னுடும். பாதிக் கார்டு அப்படியே போச்சு. நான் என்ன பண்ணுவேன்? ஊதுபத்தி ஏத்தினேன். தினம் மூணு. கொஞ்ச நாள் பரவாயில்ல. மறுபடி நின்னுச்சு. ஒன்பது ஆக்கினேன். அதுக்கும் நின்னுச்சு. காலையில ஒன்பது, சாயங்காலம் ஒன்பது. கோயில்ல ஏத்துற தடிப் பத்தி தம்பி, சல்லிசு இல்ல, நிதானமா எரியும். மெழுகுவத்தியும் உண்டு. மல்லிப்பூ மாலைக்கு ஆணி அடிக்கவே வேண்டியிருக்கல. பெட்டி பக்கவாட்டுல ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அதுல கொக்கியை மாட்டினேன், அம்சமா நின்னுச்சு. ரொம்ப வசதியா பண்ணியிருக்கான் அதை மட்டும்.

இவ்வளவு கும்பிட்டும் ஒரு சாமான் நிக்குதுன்னா என்ன அர்த்தம்? உள்ள இருக்குறது சரியில்லன்னு அர்த்தம். சரிதானே? சரிதான்.

சொங்க்ரான் அன்னைக்கு வந்தான். புத்தாண்டுல்ல, வீடு முழுக்க ஆளு. என் அண்ணி வந்திருந்தா, பக்கத்து வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. இவன் திருப்புளியை எடுத்துக்கிட்டு, "திறந்து பாத்துடுறேன்மா"ன்னு ஸ்டூல்ல ஏறுறான். புள்ளி வெச்ச எடத்துலதான் மூடி திறக்குது, திறந்தா புள்ளி உடைஞ்சுடும். "ஏன் திறக்கணும், பழைய சாமானைப் போட்டுட்டு இப்ப யாருக்கும் தெரியாம மாத்தி வெக்கப் பாக்குறியா?"ன்னேன். சும்மாதான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாக் கேட்டிருப்பேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

அவன் எறங்கினான். திருப்புளியைத் துணியில சுத்திப் பையில வெச்சான். பெரியவங்க கையில மணத் தண்ணி ஊத்தி ஆசி வாங்கணும்ல அன்னைக்கு? நான் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், இவன் வண்டியை ஸ்டார்ட் பண்ற சத்தம் கேக்குது. என் பொண்ணு பிம்மும் பின்னாடி ஏறிட்டா.

அன்னைக்கோட சரி. நான் கூப்பிட்டா எடுக்குறதே இல்ல. பிம் எடுப்பா. "ம்", "சரி", "பாக்கலாம்". பெத்தவகிட்ட பேசுற பேச்சா இது? அவளுக்கு ஏழாம் மாசம் தம்பி. முதல் பிள்ளை. பிரசவத்துக்கு இங்க வரலையாம், அவன் அம்மா வீட்டுலயே பாத்துக்கிறாங்களாம். அந்த ரூமை நான் கழுவி, கொசுவலை எல்லாம் வாங்கிப் போட்டு... ப்ச். உள்ளதைச் சொல்றேன், எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல.

அதான் இன்னைக்குத் திறந்துடுவோம்னு உன்னைக் கூப்பிட்டேன். உள்ள பழசு இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பிம்கிட்ட சொல்லிடுவேன், யாரு பேர்ல தப்புன்னு அவளுக்கும் தெரியட்டும். புள்ளியா? நேத்துப் பெரிய பிக்குவையே கேட்டுட்டேன். "திறங்க, போனா திரும்ப வெச்சுத் தரேன்"ன்னுட்டார். அவர் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு தம்பி. மேசைக்கடியில. பக்கத்துல நாய் படுத்துக் கிடக்கு. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்.

சரி, கும்பிட்டுட்டு இறக்கு. மெதுவா... மாலையைக் கழட்டிட்டு. ம். திற.

ஐயே, என்ன தம்பி இது, இப்படிக் கொட்டுது! தரையை இப்பத்தான் துடைச்சேன். சாம்பலா? எலி கொண்டாந்து வெச்சிருக்கும். ...எலி எதுக்குச் சாம்பலைக் கொண்டாருதுன்னா எனக்கென்ன தெரியும், எலியைத்தான் கேக்கணும். அது என்ன, மெழுகா? இது... மல்லிப்பூ. காஞ்ச மல்லி. விசிறியில சுத்திக்கிட்டு...

ஏன் தம்பி மேல பாக்குறே? பத்திச் சட்டியைப் பாத்தே. பெட்டியைப் பாத்தே. இப்ப என்னைப் பாக்குறே.

விசிறி காத்தை உள்ள இழுக்குமா? பக்கத்துல என்ன இருந்தாலும் இழுக்குமா? அந்த ஓட்டை... காத்துக்கா? கொக்கிக்கு இல்லையா?

ஓ.

...சரி அதை விடு. சாமானைப் பாரு. கண்ணாடி போட்டுப் பாரு. பழசு எது? ஒண்ணுமில்லையா? நல்லாப் பாரு தம்பி, ஒண்ணே ஒண்ணாவது இருக்கும். அந்தப் பச்சைப் பலகை? புதுசு. இது? ...நான் கேட்டதைவிட உசத்தியா? நம்ம ஊர்ல கிடைக்காதா?

எல்லாத்தையும் உசத்தியாப் பாத்துப் போட்டிருக்கான்.

தம்பி, உன் போனைக் குடு. என் நம்பர்னா எடுக்க மாட்டான். ...ம், அடிக்குது.

யோத்தா? வெச்சுடாத! வெச்சுடாதப்பா, நான்தான். கம்ப்யூட்டரைத் திறந்தாச்சு. கடைக்காரத் தம்பி வந்திருக்கு. எல்லாம் புதுசுதானாம். ...நீ சொல்லாதே, நான் சொல்லி முடிச்சுடுறேன். எல்லார் முன்னாடியும் கேட்டேன்ல. எல்லார் முன்னாடியும் சொல்றேன். அண்ணியை வரச் சொல்றேன், பக்கத்து வீட்டையும் கூப்பிடுறேன், அவங்க முன்னாடி சொல்றேன், நான்தான் தப்பாப் பேசிட்டேன்னு. நீ வந்து உக்காரு, போதும். ...

ஏன் நின்னுச்சுன்னா... அதுவா. புகை. ஊதுபத்திப் புகை. ...ஒன்பது. ...ரெண்டு வேளையும். ...மாலை அந்த ஓட்டையில மாட்டியிருந்தேன். ...

யோத்? இருக்கியா? என்ன சத்தம் அது? ...சிரிக்கிறியா? பக்கத்துல பிம்மா? அவளும் சிரிக்கிறாளா?

சரி, சிரிங்க. நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு கிளம்பி வாங்க. மெதுவா ஓட்டு, ஏழாம் மாசம்.