மாஸ்ரர் சேர்த்த பதினொரு வரிகள்

பொதுமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த பொறுப்புணர்வோடு அறியத்தருவது: பென் டிரைவைக் கழற்றுவதற்கு முன் ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதை அழுத்த வேண்டும். சுன்னாகத்தில் பதினேழு வருடங்களாகக் கணினி வகுப்பு நடத்தி, இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் சற்று முன் சான்றுப் பொருளை அப்படித்தான் பிடுங்கினீர்கள், ஐயா. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் குகதாசன். வயது ஐம்பத்தொன்று. ஊர் பண்டத்தரிப்பு. வீட்டில் நானும் தங்கை ஆரணியும் மட்டும், பெற்றோர் இல்லை. தங்கையைக் கரைசேர்க்காமல் அண்ணன் கலியாணம் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நான் கட்டவில்லை. ஊர் என்னைத் தியாகி என்றது. நான் மறுக்கவில்லை.

நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பு அனுப்ப, தூரத்துக் கணினியின் திரையைப் பார்த்துத் திருத்த, இணைப்பு ஏன் அறுகிறது என்று சோதிக்க, இணையத்தில் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கிடைக்கும் கணினி பள்ளிக்கூடத்தினுடையதாக, கடைக்காரருடையதாக, அல்லது மச்சானுடையதாக இருக்கும். அதில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். அதனால் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும்படி அவற்றைக் கட்டினேன். பொத்தான்களைத் தனிக் கோப்பில் தமிழாக்கினேன். சும்மா கொடுத்தேன்.

வெளியீட்டு விழாவும் நடந்தது. மங்கல விளக்கு, பொன்னாடை, ஐந்து உரைகள். தமிழன்னையை நான் கணினிச் சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டதாகப் பிரதம விருந்தினர் நாற்பது நிமிடம் முழங்கினார். பிறகு மேடையால் இறங்கி வந்து, இதை எந்தப் பக்கம் செருகுவது என்று மெதுவாகக் கேட்டார்.

மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் ஒரு நீண்ட இலக்கம் போட்டிருப்பார்கள். உங்கள் கையிலுள்ள பிரதியைச் சோதித்தால் அதே இலக்கம் வரவேண்டும். வராவிட்டால் நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மாஸ்ரர் தந்தது என்றால் போதும். சோதித்துப் பார்ப்பது மாஸ்ரரை அவமதிப்பது.

நான் பதினொரு வரிகள் சேர்த்திருந்தேன். அதன் வழியாகப் போகும் எதுவானாலும் எனக்கும் ஒரு பிரதி வரும். மற்றதெல்லாம் உலகத்துக்குத் திறந்திருந்தது.

ஆரணிக்கு முதல் சம்பந்தம் பேசி வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு. மாப்பிள்ளை கனடா. வீடியோவில் கதைக்கும்போது அவளைப் பார்க்காமல், திரை மூலையில் தெரிந்த தன்னுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. ஆகவே ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அது எங்களிடையே பழைய கலை. நான் மின்னஞ்சலில் அனுப்பினேன், அவ்வளவுதான். பெண் வலிப்புக்குக் குளிசை எடுக்கிறாள் என்று எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: சாதகம் பொருந்தவில்லை.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், ஐயா. எங்கள் ஆட்கள் உண்மையான காரணத்தைச் சொல்லமாட்டார்கள். பழியைச் சாதகத்தில் போட்டுவிட்டு மரியாதையாக விலகுவார்கள். பெண் வீட்டாரும் மரியாதையாகக் கேட்காமல் இருப்பார்கள். போன கிழமை பொருந்திய சாதகம் இந்தக் கிழமை எப்படிப் பொருந்தாமல் போனது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. அந்த மரியாதைக்குள் நான் எட்டு வருடம் பத்திரமாக இருந்தேன்.

ஏழு சம்பந்தங்கள் போயின. ஒவ்வொரு தடவையும் ஆரணி இரண்டு நாள் எனக்குச் சோற்றைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். மூன்றாம் நாள் வந்து, பென் டிரைவுகளுக்குப் பிரதி எடுத்து லேபல் ஒட்டுவாள்.

மூன்றாவது தடவையே ஊரில் கதை கிளம்பியது: மாஸ்ரர் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி? ஒரே வீட்டில் நடந்தால்தான் சந்தேகம் வரும். ஆகவே பாரபட்சம் இல்லாமல் நடக்க வேண்டியதாயிற்று. வேறு வீடுகளின் சாதகங்கள், படங்கள், குடும்ப இரகசியங்கள் எல்லாம் என் மென்பொருளால்தான் போய்வந்தன. பத்தொன்பது சம்பந்தங்களைக் குழப்பினேன். சாதி, சமயம், வடமராட்சி, வலிகாமம் என்று எந்த வேறுபாடும் பார்க்கவில்லை.

அவற்றில் இரண்டு, உடுப்பிட்டித் தனுசியாவுடையவை. ஆரணியோடு படித்த பிள்ளை. இரண்டாவது குழம்பிய மாதம் அவள் கிணற்றில் விழுந்து இல்லாமல் போனாள். கிணற்றுக் கட்டு உயரமில்லாமல் பதிவு என்று மரண விசாரணையில் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தேன். பதிவுதான். அவளுடைய செத்தவீட்டைப் பாரிஸில் இருக்கும் அண்ணன் பார்ப்பதற்கு நான்தான் இணைப்புப் போட்டுக் கொடுத்தேன். அன்று முழுக்க ஒரு தடவைகூட அறவில்லை.

எட்டாவது மாப்பிள்ளை ஜெயசுதன். நோர்வேயில் கணினி வலையமைப்பு வேலை. அதே கடிதத்தை அனுப்பினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று, பன்னிரண்டு வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்ததையும் சேர்த்தேன். அங்கேயே வளர்ந்த மனிதர். எங்கள் மரியாதை அவருக்குத் தெரியவில்லை. கடிதத்தை ஆரணிக்கே அனுப்பி, இது உண்மையா என்று கேட்டுவிட்டார். மயங்கி விழுந்த கதையை அவள் அதற்கு முந்தின கிழமைதான் அவருக்கு எழுதியிருந்தாள், அவருக்கு மட்டும்; எனக்கே அது என் பிரதியில் வாசித்துத்தான் தெரியும். எந்த மென்பொருளால் அனுப்பினீர்கள் என்று கேட்டார். அண்ணை செய்தது என்று பெருமையாகச் சொன்னாளாம். அவர் இலக்கத்தை ஒப்பிட்டார், பிறகு நிரலையே மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“அண்ணை, உதிலை பதினொரு வரி கூட இருக்காம். என்னத்துக்கு?”

பாதுகாப்புக்கு என்றேன்.

“ஆரின்ரை பாதுகாப்புக்கு, மாஸ்ரர்?”

அவள் என்னை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. அந்த ஏழும் நான்தானா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

“தனுசியாவுக்கும் நீங்களோ?”

“ஓம்.”

“அவளுக்கு நான்தானே என்ரை கையாலை குடுத்தனான். லேபலிலை பேரும் எழிதிக் குடுத்தனான்.”

உன்னுடைய கையெழுத்து வடிவு என்றேன். பிறகு நிறையச் சொன்னேன். இன்றைக்கே அந்த வரிகளை எடுத்துவிடுகிறேன் என்றேன். நோர்வே குளிர் உனக்கு ஒத்துவராது என்றேன். வாசல் படலை வரைக்கும் பின்னால் போய், போகாதே என்று கையைப் பிடித்தேன். அவள் விரல் விரலாகக் கழற்றினாள். நேரே உங்களிடம்தான் வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வருகிற புதன்கிழமை பதிவுத் திருமணமாம்.

ஏன் செய்தாய் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் ஏமாற்று, தங்கையின் எதிர்காலம், ஒரு சகோதரனின் கடமை, எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். நீங்கள் எழுதவில்லை, பேனையை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, திறவுங்கள்.

எனக்குச் சோறு காய்ச்சத் தெரியாது.