பந்து நின்ற இடம்

எனக்கு வலது முட்டிதான் சார் தொந்தரவு. காலையில் எழுந்தால் பத்து நிமிஷம் அது என் பேச்சைக் கேட்காது. பதினெட்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோராக மேடுபள்ளம் ஏறி இறங்கிய முட்டி. பிறகு இருபத்திரண்டு வருஷம் விசிலோடு ஹாக்கித் திடலில் ஓடிய முட்டி. நாற்காலி கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. நின்றுகொண்டு வாக்குமூலம் சொன்னால் பாதியில் கோர்வை விட்டுப்போகும்.

பெயர் சில்வெஸ்டர். வீடு பாக்கார் ஆராங்கில். பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டினவர்கள், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. வெட்டுக்காட்டில் ஒரு ஆள் மயங்கி விழுந்தால் மண்டோர் முதலில் செய்கிற வேலை என்ன தெரியுமா? அந்த ஆள் எந்த மரத்தோடு நிறுத்தினார் என்று பார்த்து அங்கே ஒரு குச்சி நடுவார். அப்புறம்தான் ஆளைத் தூக்குவார்கள். இல்லையென்றால் மிச்ச நிரையை வெட்ட வருகிறவர் இந்த மரம் என்னுடையது இல்லை என்பார், பக்கத்து நிரைக்காரர் என்னுடையதும் இல்லை என்பார், சாயந்திரம் வரைக்கும் சண்டை ஓடும். என் அம்மா விழுந்த அன்றும் குச்சி நட்ட பிறகுதான் தூக்கினார்கள். நட்டது நான்தான். அம்மா ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அதற்கப்புறம் அவர் அதிகம் பேசவும் இல்லை.

ஹாக்கியும் அப்படித்தான். ஆட்டத்தை நிறுத்த யாராலும் முடியும். விசில் இருந்தால் போதும். மறுபடி எங்கே தொடங்குவது என்று சொல்லத்தான் நடுவர் வேண்டும். தப்பு நடந்திருந்தால் தப்பு நடந்த இடத்தில். யார் மேலும் தப்பில்லாமல் ஒருவர் விழுந்து ஆட்டம் நின்றால், பந்து நின்ற இடத்தில் புல்லி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நடுவில் பந்தை வைத்து, மட்டையோடு மட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தொடங்குவார்கள். சின்ன விஷயம். ஆனால் கோலுக்கு நேராக வைப்பதற்கும் நாலடி ஓரமாக வைப்பதற்கும் நடுவில் ஒரு கோப்பையே போய்விடும்.

போயிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தோட்டக் கோப்பை இறுதியாட்டத்தில் நான் புல்லியை நாலடி தள்ளிப் போட்டேனாம். செமிலிங் குழு தோற்றது. அவர்களுடைய கேப்டன் காளிதாசன், வாய் சும்மா இருக்காத ஆள், அன்றிலிருந்து என்னை விடவில்லை. கல்யாண வீட்டில் உட்காரப் போனால், "அண்ணே, உங்க நாற்காலி நாலடி தள்ளி இருக்கு" என்பார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அடுத்த வருஷம் என் மனைவி பிரிஜெட்டைப் புதைத்தோம். கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான், "குழி சரியான இடத்துலதான் இருக்கான்னு அண்ணனையே கேட்டுக்குங்க" என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இனிமேல் ஒரு இடத்தையும் தவற விடுவதில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷ இறுதியாட்டம் செமிலிங் திடலில். செமிலிங்குக்கும் குருணுக்கும். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி வெயில். ஆளுக்கு ஒரு கோல். குருண் குழுவின் தடுப்பாட்டக்காரர் ஜெயகுமார் தன் கோல் பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினார், விழுந்தார். நான் விசில் ஊதி நேரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி மிச்சம்.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. என்னுடையது இல்லை. இன்னொரு நடுவர் பரஞ்சோதி மறுபக்கத்திலிருந்து உதவிக்கு ஓடி வந்தார். வந்த வேகத்தில் பந்தை உதைத்துவிட்டார். நல்ல மனுஷன், அவசரக்காரர். பந்து வேலியோரம் போய்விட்டது. அது எங்கே நின்றது என்பதற்கு அந்தத் திடலில் மிஞ்சிய ஒரே அடையாளம் ஜெயகுமார்தான். அவர் மட்டை நுனியில்தான் பந்து இருந்தது. அதற்குள் நாலு பேர் அவரைக் கைகால் பிடித்துத் தூக்கப் போனார்கள்.

"யாரும் தொடாதீங்க. கழுத்து எலும்பு போயிருக்கும். அசைச்சா முடிஞ்சுது" என்றேன்.

நாலு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். கழுத்து என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எல்லோரும் எங்கேயாவது ஒரு முதலுதவி வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே.

அவர் மனைவி யோகேஸ்வரி தன் காரைக் கோல் கம்பம் வரைக்கும் ஓட்டி வந்து பின்கதவைத் திறந்து வைத்தார். குருணில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருப்பவர். கணவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். மூச்சு திணறுகிறது, நானே கொண்டு போகிறேன், நாலு பேர் பிடித்தால் போதும் என்றார். கத்தவில்லை. ஸ்ட்ரெச்சர் எடுக்கப் பரஞ்சோதி போயிருக்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவர் பொறுத்துக்கொண்டார்.

பரஞ்சோதி திடலை ஒட்டிய கோயில் ஸ்டோரிலிருந்து அளவு டேப்போடு வந்தார். நான் எடுத்து வரச் சொன்னது அதைத்தான்.

"இது எதுக்குண்ணே?" என்றார் யோகேஸ்வரி.

"அளந்துட்டு உடனே தூக்கிடலாம்மா."

டேப்பின் மறுமுனையைக் காளிதாசன் பிடித்துக்கொண்டார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோரும் தூரத்தில் நின்றதாகச் சொல்கிறார்கள். இரண்டு குழுவும் டேப்பைச் சுற்றித்தான் நின்றது. டேப் தொய்கிறது என்று குருண் ஆட்கள் சொன்னார்கள். காலிலிருந்து அளக்கக் கூடாது, மட்டையிலிருந்து அள என்று செமிலிங் ஆட்கள் சொன்னார்கள். குடிக்க தே ஓ ஐஸ் பாக்கெட்டோடு வந்து எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ஜெயகுமாரைப் பார்த்துக்கொண்டிருந்தது யோகேஸ்வரி மட்டும்தான். அவர் தன் துப்பட்டாவால் வெயிலை மறைத்துப் பிடித்திருந்தார்.

பின்கோட்டிலிருந்து பன்னிரண்டு மீட்டர் நாற்பது. விதி என்ன சொல்கிறது என்றால், பின்கோட்டிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் புல்லி கிடையாது. கோல் வட்டத்தை விட்டு ஐந்து மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும்.

"அப்ப எப்படியும் வெளியத்தானே கொண்டு போகணும், அண்ணே? ஆள் எங்க கிடந்தா என்ன லா?" என்றார் காளிதாசன். நீங்களும் இப்போது அதையே கேட்கிறீர்கள்.

புல்லியை வெளியே தள்ளத்தான் வேண்டும். ஆனால் நேர்கோட்டில் தள்ள வேண்டும். அவர் கிடந்த இடம் தெரிந்தால்தான் கோடு பிடிக்க முடியும். நூல் கட்டிக் கோடு பிடித்து, வட்டத்துக்கு வெளியே சரியான இடத்தில் ஒரு குச்சி நட்டேன். காளிதாசன் குனிந்து பார்த்தார். "இந்தத் தடவை சரிதாண்ணே" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. என் முட்டி வலிகூட அப்போது தெரியவில்லை. பிறகு, இப்போது தூக்கலாம் என்று சொன்னேன். அவர் விழுந்து பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் ஜெயகுமாருடைய அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கழுத்தைக் காப்பாற்றப் பார்த்தீர்களே அண்ணே என்று அழுதார். ஹாக்கி சங்கத்திலும் நல்ல வார்த்தை சொன்னார்கள். டாக்டர் அறிக்கை வந்த பிறகுதான் பேச்சு மாறியது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை, நெஞ்சுதான், கால்மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

கழுத்தில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும் சார். நான் ஆறடி தூரத்தில் நின்றேன். அவரை யாரும் இடிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்தார், முட்டி போட்டார், மட்டையைப் பக்கத்தில் வைத்தார், அப்புறம்தான் படுத்தார். கழுத்து முறிந்த ஆள் மட்டையை எடுத்து ஓரமாக வைக்க மாட்டான். ஆட்டத்துக்கு முன்னாலேயே என்னிடம் வந்து, இன்றைக்கு மூச்சு என்னமோ கனமாக இருக்கிறது அண்ணே என்றும் சொன்னார். ஓடினால் சரியாகிவிடும் தம்பி என்றேன். கழுத்து என்று நான் சொன்னது பொய். அவரை அசைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். அப்படியே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

போன வாரம் யோகேஸ்வரி என் வீட்டு கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "அவரு உயிரோட இருக்கிறது தெரிஞ்சுதானே அளந்தீங்க?" என்று ஒன்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அவர் திரும்பிப் போனார். அவர் கேட்காத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்கு ஆட்டம் நின்றது நின்றதுதான், அந்தக் குச்சி இன்னும் திடலில்தான் இருக்கிறது. பரஞ்சோதி பிடுங்கப் போனார், நான் விடவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு சார். செமிலிங்குக்கும் குருணுக்கும் நான் இன்னும் ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி ஆட்டம் கடன்பட்டிருக்கிறேன்.