பச்சை வியாழன்

வசந்தம் வந்ததுமே புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மண் அப்போது சொதசொதவென்று இருக்கும். முதலில் சருகை வார வேண்டும், கத்தியைத் தீட்ட வேண்டும், பிறகு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வெட்டும்போதும் நுனியை மட்டும்தான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் புல் எப்படியோ எனக்குத் தெரியாது, ஐயா. இந்த பெர்க்ஸ் மாவட்டத்தில் என் புல்லைப் பார்க்கவே காரை மெதுவாக ஓட்டுகிறவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டு வெர்னா டீட்ரிக் நல்ல பெண்மணி. கணவர் போன பிறகு தனியாகத்தான் இருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. ஒரே குறை, டாண்டேலியன் களை. மே மாதம் அவர் பக்கம் முழுக்க மஞ்சள் பூவாக இருக்கும். பிறகு அது பஞ்சாகிப் பறந்து நேராக என் புல்லில் வந்து இறங்கும். வருடா வருடம் மண்டியிட்டு ஒவ்வொரு வேராகத் தோண்டியதில் என் முழங்கால்தான் போயிற்று.

மருந்து அடிக்கலாம், செலவு என்னுடையது என்று எத்தனையோ முறை தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியாகச் சொன்னது இந்த மார்ச்சில். வெர்னா சிரித்தார்.

"ஏம்ப்பா இர்வின், உன் புல்லுக்குத் தலைவாரிப் பூ வெக்கிறதோட நிறுத்திக்க. இங்க மருந்தடிச்சா பச்சை வியாழனுக்கு நான் எதைத் திங்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று பச்சை இலை சாப்பிட்டால் வருடம் முழுக்க நோய் அண்டாது என்பது எங்கள் ஜெர்மன் வம்சத்தாரின் நம்பிக்கை. பூக்கும் முன்பே டாண்டேலியன் இலையைக் கிள்ளி, பன்றிக் கொழுப்பும் வினிகரும் சர்க்கரையும் காய்ச்சிச் சூடாக மேலே ஊற்றுவோம். இலை கசக்கத்தான் செய்யும். கசப்பு கூடினால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இந்த வருடம் அதற்கு முந்தின நாள், புதன் மாலை, வெர்னா தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். காற்றில்லை, மழையில்லை, மருந்தடிக்கத் தோதான பொழுது. என் பக்கம் கடையில் வாங்கிய மருந்தை அடித்தேன். அவர் பக்கத்துக் களைக்கு அது போதாது என்று பட்டது. அப்பாவின் ஆப்பிள் தோப்புக் கொட்டகையில் ஒரு பழைய பூச்சிமருந்து டின் இருந்தது. பெயரெல்லாம் உதிர்ந்து மண்டையோட்டுப் படம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கரைத்து அவர் பக்கம் அடித்தேன். இலையை அலசினால் போகிற சரக்கல்ல அது. டின்னை நான் ஒளிக்கவில்லை, எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

மருந்தடித்த புல்லில் எச்சரிக்கைக் கொடி நட வேண்டும். நான் விதியை மதிக்கிறவன். என் பக்கம் மூலைக்கு மூலை மஞ்சள் கொடி நட்டேன். அவர் பக்கம் நடவில்லை. அடுத்தவர் மண்ணில் கேட்காமல் கொடி நடுவது மரியாதையாக இருக்காது.

மறுநாள் காலை அவர் குனிந்து இலை கிள்ளுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். கையசைத்தார். நானும் அசைத்தேன். மதியம் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார்.

"சண்டை கிடக்கட்டும்ப்பா. இன்னிக்குப் பச்சை திங்காம இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் வருஷம் பூரா திடமா இருக்கணும்ல?"

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். உரக்குழியில் கொட்டவில்லை. அந்த உரம் என் புல்லுக்குப் போகிறது.

சாயங்காலம் வெர்னா பின்வாசலுக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் இன்னொரு முறையும் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் எல்லையோரத்துச் சொட்டையில் புது விதை தூவிக்கொண்டிருந்தேன். விதைத்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. சுற்றிக்கொண்டு போயிருக்கலாம்தான்.

மறுநாள்தான் அவர் சமையலறையில் இறந்து கிடந்ததைத் தபால்காரர் பார்த்துச் சொன்னார்.

தெரிந்தே செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர் மேல் எனக்குப் பகை இல்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள். அடக்கம் முடிந்ததிலிருந்து அவர் பக்கத்தையும் நான்தான் வாரி, விதைத்து, தண்ணீர் விட்டேன். இப்போது மே மாதம். தேடினாலும் ஒரு மஞ்சள் பூ கிடைக்காது. வெர்னா இருந்து பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.